பள்ளிக்கூடத்துக்கு லீவு, கம்பெனிக்கு லீவு இல்லை

திருப்பூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தைச் சற்றே சுருக்கித் தருகிறேன்.

“எங்களுக்குச் சொந்த ஊர் தேனிப் பக்கம். கல்யாணம் ஆனதிலிருந்து திருப்பூரில்தான் இருக்கிறோம். நான் பனியன் கம்பெனியில் செக்கிங், வீட்டுக்காரர் டெய்லர். ரெண்டு பேருக்கும் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டு, எட்டரை ஆகிவிடும். பையனுக்குப் பதினொரு வயது, ஐந்தாம் வகுப்பு முடிக்கிறான். பாப்பாவுக்கு ஏழு. ரெண்டு பேரும் ஒரே அரசுப் பள்ளி. போன வருஷ லீவில் வீட்டை வெளியே பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனேன். பையன் நாள் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒருநாள் நான் வரும்போது பாப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தாள். இந்த வருஷம் காம்பவுண்டில் ஒரு அண்ணன், பையனைத் தன் யூனிட்டுக்குப் பனியனில் நூல் பிசிறு வெட்ட அனுப்பச் சொல்கிறார். கண்ணெதிரே இருப்பான், கைச்செலவுக்கும் ஆகும் என்கிறார். ஊருக்கு அனுப்பலாம் என்றால் அம்மாவுக்கு முழங்கால் வலி. வீட்டுக்காரர், எப்படியோ சமாளித்துக்கொள் என்கிறார். இத்தனை நாள் லீவு எதற்கு? பத்து நாள் விட்டால் போதாதா? பிள்ளைகள் லீவு லீவு என்று குதிக்கும்போது பெத்தவள் இப்படி நினைப்பது பாவமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

பாவம் இல்லை. முதலில் அதை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். ஏப்ரல் பிறந்தால் வயிற்றைக் கலக்குவது உங்களுக்கு மட்டும் இல்லை. என்னிடம் ஆலோசனைக்கு வரும் அம்மாக்களில் வங்கியில் வேலை பார்ப்பவரும் உண்டு, பூ கட்டி விற்பவரும் உண்டு. மார்ச் கடைசியில் எல்லார் பேச்சும் இங்கேதான் வந்து நிற்கும். பணம் இருக்கிற வீட்டில் இந்தப் பயம் சம்மர் கேம்ப் கட்டணமாக மாறிவிடுகிறது. உங்கள் வீட்டில் அது பூட்டாக மாறியிருக்கிறது. பிள்ளைகளோடு இருக்கப் பிடிக்காத அம்மா இப்படிக் கடிதம் எழுத மாட்டார். அவர்களை விட்டுவிட்டுப் போக ஓர் இடம் இல்லாத அம்மாதான் எழுதுவார்.

லீவு நீளமா என்ற கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன் தள்ளிப்போட முடியாத இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பூட்டு. தயவுசெய்து இந்த வருஷம் வெளியே பூட்டாதீர்கள். ஒயர் கருகித் தீப்பிடித்தாலும், சிலிண்டர் கசிந்தாலும், பாப்பா திடீரென்று மயங்கி விழுந்தாலும், உங்கள் பையனால் அவளை இழுத்துக்கொண்டு வெளியே வர முடியாது. சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது, சரி. அந்த அக்கா அந்த நேரம் ரேஷன் கடை வரிசையில் நின்றால் என்ன செய்வது? இன்னொன்று, வெயில். நீங்கள் காலை எட்டரைக்குப் போய் இருட்டிய பிறகு வருவதால், உங்கள் வீட்டின் மத்தியான நேரத்தை நீங்களே சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஷீட் போட்ட லைன் வீடுகளுக்குள் மே மாதப் பகல் இரண்டு மணிக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஃபேன் சுற்றும், ஆனால் இறங்குவது அனல்தான். சுவரில் முதுகைச் சாய்க்க முடியாது. குடத்துத் தண்ணீரே வெதுவெதுவென்று இருக்கும். பெரியவர்களான நமக்கு வெளியே போய் மரத்தடியில் நிற்கத் தோன்றும். பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அந்த வழியும் இல்லை. சிறு பிள்ளைகள் தாகம் என்று சொல்ல மாட்டார்கள், சோர்ந்து படுத்துவிடுவார்கள். தூங்குகிறாள் என்று அண்ணன் நினைத்துக்கொள்வான். தலைவலி, குமட்டல், நெடுநேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, போனாலும் அடர் மஞ்சளாகப் போவது, இதெல்லாம் உடம்பில் நீர் குறைவதன் அடையாளம். உடம்பு கொதித்து, பேச்சு குழறி, கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லை என்றால் 108-ஐ அழைக்க வேண்டும். இதைப் பையனுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள்.

இரண்டாவது, பிசிறு வெட்டும் வேலை. அந்த அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருப்பார். ஆனாலும் வேண்டாம். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயது முடியாத பிள்ளையை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. பள்ளி விட்ட பிறகும் விடுமுறை நாளிலும் சொந்தக் குடும்பத் தொழிலில் கூடமாட உதவலாம் என்று ஒரு விலக்கு உண்டு. அதுவும் ஆபத்தில்லாத வேலையாக இருக்க வேண்டும். காம்பவுண்டுக்காரரின் யூனிட் உங்கள் குடும்பத் தொழில் ஆகாது. பிடிபட்டால் அவருக்குத்தான் 6 மாதம் முதல் 2 வருஷம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். அவரிடம் இதைச் சொன்னால் அவரே பின்வாங்கிவிடுவார்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. உங்கள் பையன் ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்குப் போகிற கட்டத்தில் இருக்கிறான். புதுப் பள்ளி, புது வாத்தியார், பாடத்துக்கு ஒருவர். படிப்பில் கொஞ்சம் தயங்குகிற பிள்ளை நழுவிப் போகிற இடம் இதுதான். சனிக்கிழமை சம்பளத்தைக் கையில் வாங்கிப் பழகிய பையனுக்கு ஜூனில் பையை மாட்டிக்கொண்டு போகக் கால் வராது. லீவுக்கு மட்டும் என்று யூனிட்டுக்குப் போய், அங்கேயே தங்கிவிட்ட பெரியவர்கள் உங்கள் கம்பெனியிலேயே இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

சரி, இப்போது லீவின் நீளம்.

தமிழ்நாட்டில் ஏப்ரல் பிற்பகுதியில் முழு ஆண்டுத் தேர்வு முடிந்து ஜூன் முதல் வாரத்தில் திறப்பது வழக்கம். ஐந்து, ஆறு வாரம் வரும். வெயில் தணியாவிட்டால் இன்னும் தள்ளிப்போகும். 2023-இல் ஜூன் தொடக்கத்தில் திறப்பதாக இருந்தது தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் ஆறாம் வகுப்புக்கு மேலே ஜூன் 12-ம், சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14-ம் ஆனது. 2024-இல் ஜூன் 6 என்றார்கள், ஜூன் 10-இல் திறந்தார்கள். 2025-இல் ஜூன் 2-ஆம் தேதியே திறந்துவிட்டது. உங்களைப் போன்றவர்களுக்கு நீளத்தோடு இந்த நிச்சயமின்மையும் சேர்ந்துகொள்கிறது. ஊரிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவரக் கம்பெனியில் லீவு சொல்லி, பஸ்ஸுக்குப் பணம் எடுத்துவைத்த பிறகு தேதி மாறினால் ஒரு வாரக் கணக்கே குலைந்துவிடும்.

மற்ற ஊர்களோடு ஒப்பிட்டால் நம்முடையது பெரிய நீளம் ஒன்றும் இல்லை. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் சுமார் 6 வாரம். இத்தாலியில் ஏறக்குறைய 3 மாதம். அயர்லாந்தில் சின்னப் பிள்ளைகளுக்கு 8 வாரம், பெரிய பிள்ளைகளுக்கு 12 வாரம் என்று போகும். வேலைக்குப் போகும் பெற்றோர் அங்கேயும் இதையேதான் கேட்கிறார்கள்.

பத்து நாள் போதாதா என்றீர்கள். கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வருஷத்துக்குக் குறைந்தது 200 வேலை நாள், ஆறு முதல் எட்டு வரை 220 நாள் என்று வைத்திருக்கிறது. 365-இல் 220 போனால் 145. அதில் சனி ஞாயிறே 104. மீதி 41 நாளில்தான் தீபாவளி, பொங்கல், காலாண்டு, அரையாண்டு, கோடை எல்லாம் அடங்குகிறது. கோடையில் இருபது நாளைப் பிடுங்கினால், வேலை நாளைக் கூட்டாதவரை, அந்த இருபது நாளும் வேறு எங்காவது லீவாக முளைக்கும். ஆகஸ்டில் நான்கு நாள், நவம்பரில் ஒரு வாரம் என்று சிதறிக் கிடக்கும். உள்ளூரிலேயே தாத்தா பாட்டி இருப்பவர்களுக்கு அது வசதியாகக்கூட இருக்கலாம். வெளியூரிலிருந்து பிழைக்க வந்த உங்களுக்கு அது இன்னும் மோசம். நான்கு நாள் லீவுக்குத் தேனிக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர முடியுமா? வருஷத்துக்கு ஐந்து தடவை பூட்டுப் பிரச்சினை வரும். ஒரே நீளமாக வருகிற லீவு ஊருக்கு அனுப்பவாவது உதவும்.

மே மாதத்தில் பள்ளியை வழக்கம்போல நடத்துங்கள் என்று என் வாயால் சொல்ல மாட்டேன். மே 4-ஐ ஒட்டிக் கத்தரி தொடங்கி மாதக் கடைசி வரை இருக்கிறது. நாற்பது பேர் உட்கார்ந்த வகுப்பறையில் அந்த வெயிலில் ஏழு வயதுப் பிள்ளையை மூன்றரை மணி வரை வைத்திருப்பது கொடுமை. கேரளத்தில் 2025 ஜூலையில் கல்வி அமைச்சரே, ஏப்ரல், மே லீவை மழைக்காலமான ஜூன், ஜூலைக்கு மாற்றலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்டார். அங்கே மழைக்காகப் பள்ளி மூடும் நாட்கள் அதிகம் என்பதால் அந்தக் கேள்வி எழுந்தது. நமக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

ஆக, பிள்ளைக்கு இந்த லீவு நீளம் இல்லை. குடும்பத்துக்கு நீளம்தான், அதில் நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். தொழிலாளர் சட்டத்தில் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு. வருஷம் 240 நாள் வேலை பார்த்தவருக்கு 12 நாள். நீங்களும் கணவரும் ஒருவர் மாற்றி ஒருவர் மொத்தத்தையும் எடுத்தாலும் 24 நாள்தான். கோடை லீவில் சனி ஞாயிறு போக வரும் நாட்களுக்கே அது போதாது. அதுவும் பீஸ்ரேட்டிலும் காண்ட்ராக்டிலும் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்த 12 நாள் கிடைக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வெயிலுக்காக அரசு பள்ளியை மூடுகிறது. மூடிய பிறகு பிள்ளைகள் யார் பொறுப்பு என்பதை மட்டும் வீட்டுக்கு, அதிலும் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு, விட்டுவிடுகிறது. எனக்குக் கோபம் இங்கேதான்.

பள்ளி மூடும்போது பாடம் மட்டும் நிற்பதில்லை, சாப்பாடும் நிற்கிறது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த வருஷம் ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உங்கள் இரண்டு பிள்ளைகளும் பள்ளி நாளில் காலையும் மதியமும் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். லீவில் அந்த இரண்டு வேளையும் உங்கள் அடுப்புக்கு வருகிறது, உங்கள் மாதச் செலவிலும் ஏறுகிறது. லீவில் சாப்பாடு போடுவது நடக்காத காரியம் இல்லை. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலிலேயே உத்தரவிட்டிருக்கிறது. மனது வைத்தால் சமையல்கூடம் மே மாதத்திலும் புகையும்.

இனி இந்த வருஷ லீவை என்ன செய்வது என்று பார்ப்போம். முழு லீவையும் ஒரே வழியில் ஓட்டப் பார்க்காதீர்கள். பாதி ஊர், மீதி இங்கே என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஊர் விஷயத்தில், அம்மாவுக்கு முழங்கால் வலி என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். அவரைக் கேட்டீர்களா? சும்மா அனுப்பட்டுமா என்று கேட்டால் எந்த அம்மாச்சியும் அனுப்பு என்றுதான் சொல்வார். அதனால் தெளிவாகக் கேளுங்கள். பகலில் வீட்டில் இருப்பாரா, காட்டு வேலைக்குப் போகிறாரா? பாப்பா பின்னால் ஓட முடியுமா? உங்கள் அண்ணன், தம்பி வீடு பக்கத்தில் இருந்தால் அண்ணி ஒருவேளைச் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்வாரா? மே மாதத்தில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழா வரும். தேனிப் பக்கத்து ஆட்கள் எங்கே பிழைத்தாலும் அதற்குப் போய்விடுவார்கள். அதை ஒட்டி இரண்டு வாரம் வைத்துக்கொண்டால் நீங்களோ கணவரோ முதல் இரண்டு நாளும் கடைசி இரண்டு நாளும் கூட இருக்கலாம். அம்மாவுக்குச் செலவுக்குப் பணம் கொடுத்து அனுப்புங்கள். பெத்த மகளிடம் கேட்கக் கூச்சப்படுவார்.

ஊரில் எனக்குப் பயம் தண்ணீர்தான். 5 வயது முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் இறப்பதற்கு உலகம் முழுக்க முன்னணியில் நிற்கும் காரணங்களில் நீரில் மூழ்குவதும் ஒன்று என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊர்ப் பிள்ளைகள் கிணற்றில் குதித்து வளர்ந்தவர்கள். அவர்களோடு போகிற திருப்பூர்ப் பையன் தனக்கு நீச்சல் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுவான். முல்லைப் பெரியாற்றில் இடுப்பளவுதான் தெரியும், இரண்டடி தள்ளி இழுக்கும். பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள் கூட நிற்காமல் ஆறு, கிணறு, கண்மாய் எதிலும் இறங்கக் கூடாது என்று பையனிடமும் சொல்லுங்கள், அவனை அழைத்துப் போகிற மாமன் மகன்களிடமும் சொல்லுங்கள். தாய்மாமன் கூட நின்று நீச்சல் கற்றுக்கொடுத்தால் அதைவிட நல்லது வேறு இல்லை. கயிறும் கேனும் கட்டிப் பத்து நாளில் பழக்கிவிடலாம்.

இன்னொன்றையும் சங்கடப்படாமல் சொல்ல வேண்டும். ஊரோ, காம்பவுண்டோ, பிள்ளைகளிடம் தவறாக நடப்பவர்கள் பெரும்பாலும் அறிமுகமானவர்களாகவே இருக்கிறார்கள். யார் தொட்டாலும் பிடிக்கவில்லை என்றால் கத்தலாம், ஓடலாம், யாராக இருந்தாலும் அம்மாவிடம் சொல்லலாம், அம்மா அடிக்க மாட்டேன் என்று இருவருக்கும் சொல்லுங்கள். பையனுக்கும்தான். 1098 என்ற எண்ணை மனப்பாடமாக்குங்கள். குழந்தைகளே கூப்பிடலாம், காசு கிடையாது.

திருப்பூரில் கழிக்கும் நாட்களுக்கு உங்கள் காம்பவுண்டில்தான் வழி இருக்கிறது. உங்கள் லைனில் இதே கஷ்டத்தில் இன்னும் மூன்று நான்கு வீடுகளாவது இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். வேலைக்குப் போகாத, பிள்ளைகளோடு பொறுமையாக இருக்கிற ஓர் அக்காவோ பாட்டியோ இருந்தால், வீட்டுக்கு இவ்வளவு என்று வாரச் சம்பளம் பேசி அவரிடம் விடுங்கள். அப்படி யாரும் இல்லை என்றால் அம்மாக்கள் ஆளுக்கு ஒரு நாள் முறை போட்டு வீட்டில் இருப்பது. அன்று அவருக்குப் போகிற கூலியை மற்றவர்கள் பங்கு போட்டுக் கொடுத்துவிட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் இரண்டாம் வாரமே முறை உடைந்துவிடும், நான் பார்த்திருக்கிறேன். தளம் போட்ட வீடு ஒன்று இருந்தால் பகல் பன்னிரண்டு முதல் நாலு வரை எல்லாப் பிள்ளைகளும் அங்கே. கதவு திறந்தே இருக்கட்டும். எல்லா அம்மா அப்பாவின் நம்பரும், கம்பெனி நம்பரும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

மாவட்ட விளையாட்டு அரங்கில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடைக்காலப் பயிற்சி முகாம் நடத்தும். ஏப்ரல் கடைசியில் விசாரியுங்கள். நூலகங்களிலும், ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கும் ஊர்களில் அங்கேயும் ஓவியம், பாட்டு, கதை என்று ஏதாவது நடக்கும். இவை பெரும்பாலும் காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம்தான். உங்கள் பகலை இவை தீர்க்காது. ஆனால் பையன் காலையில் ஓடியாடிவிட்டு வந்தால் பகலில் போனைக் கேட்டு அனத்த மாட்டான்.

போனைப் பற்றி நீண்ட உபதேசம் செய்யப் போவதில்லை. ஸ்மார்ட்போனை வீட்டில் விட்டுவிட்டு, பார்க்காதே என்று சொல்வதால் பயன் இல்லை. அது உங்களோடு கம்பெனிக்குப் போகட்டும். வீட்டில் ஒரு பட்டன் போன் வையுங்கள், உங்களைக் கூப்பிடவும் 108-ஐக் கூப்பிடவும் அது போதும். ராத்திரி நீங்கள் வந்த பிறகு ஒரு மணி நேரம் கொடுங்கள். முதல் நான்கைந்து நாள் கத்துவான், கதவை உதைப்பான். அப்புறம் அடங்கும். பூட்டிய வீட்டுக்குள் அவனுக்கு வேறு என்ன இருந்தது என்று நினைத்துப் பாருங்கள், அவன் மேல் கோபம் வராது.

மதியச் சாப்பாட்டுக்கு, காலையில் கட்டிவைக்கிற எதிலும் தேங்காய் வேண்டாம். அந்தச் சூட்டில் பன்னிரண்டு மணிக்கே ஊசிப்போகும். புளிசாதம், எலுமிச்சை சாதம் தாங்கும். மோர் தனியாகப் பானையில் ஈரத்துணி சுற்றி இருக்கட்டும். பாப்பாவுக்குப் பசித்தால் பையன் அடுப்பைப் பற்றவைக்கப் போவான், அதனால் நீங்கள் வேலைக்குப் போகும்போது ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போங்கள்.

படிப்பு மறந்துவிடுமே என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ட்யூஷன்காரர்கள் வந்து பயமுறுத்துவார்கள், அதனால் சொல்கிறேன். நீண்ட லீவில் கொஞ்சம் மறக்கத்தான் செய்யும். அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் என்ற ஆய்வாளரின் குழு 39 ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் எழுதியது: கோடை முடிந்து வரும் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குப் பின்தங்குகிறார்கள், வாசிப்பைவிடக் கணக்கில் அதிகம். ஒரு மாதம் என்பது பிடித்துவிடக்கூடிய தூரம். நம் ஊர்ச் செய்தி இன்னும் தெம்பு தருகிறது. கொரோனாவில் ஒன்றரை வருஷம் பள்ளி மூடிக் கிடந்த பிறகு, தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைப் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீட்டிருந்தார்கள். தன்னார்வலர்கள் சாயங்காலம் நடத்திய இல்லம் தேடிக் கல்வி வகுப்புகளுக்கும் அதில் பங்கு இருந்தது. ஒன்றரை வருஷ இழப்பிலேயே இவ்வளவு தேறியவர்கள் ஆறு வாரத்துக்காகக் கெட்டுப்போய்விட மாட்டார்கள். ட்யூஷனுக்குக் கொடுக்கும் பணத்தை அந்தப் பாட்டி சம்பளத்தில் சேருங்கள். பையனை மளிகைக் கணக்கு எழுதச் சொல்லுங்கள். சனிக்கிழமை நீங்கள் வாங்கி வரும் சாமானைக் கூட்டி, மீதியைச் சரிபார்ப்பது அவன் வேலையாக இருக்கட்டும். பாப்பாவுக்கு அவன் தினமும் ஒரு கதை வாசித்துக் காட்டட்டும்.

ஆறாம் வகுப்புக்குப் பள்ளி மாற வேண்டியிருந்தால், மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் சேர்க்கிற வேலையை ஜூன் முதல் வாரத்துக்கு வைக்காதீர்கள். நீங்கள் லீவு போட வேண்டிய நாளை முன்கூட்டியே சூப்பர்வைசரிடம் சொல்லிவிடலாம்.

உங்கள் நீளமான கடிதத்தில் கணவர் ஒரே ஒரு வரியில்தான் வருகிறார், அதுவும் சமாளித்துக்கொள் என்று சொல்வதற்காக. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பன்னிரண்டு மணி நேரம் மெஷினில் உட்கார்ந்து வருகிறவர் அவர். ஆனால் இந்த ஏற்பாடுகளை எல்லாம் நீங்கள் தனியாகச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. நீங்கள் ஒரு வாரம், அவர் ஒரு வாரம் என்று அரை ஷிப்டை விட்டுவிட்டு ஐந்தரை, ஆறு மணிக்கு வீடு திரும்பினால், லீவு முழுக்கச் சாயங்காலங்களில் பிள்ளைகளுக்கு ஓர் ஆள் இருக்கும். வருமானம் குறையும், தெரியும். எவ்வளவு குறையும் என்பதை இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தாங்கக்கூடியதாக இருந்தால் செய்யுங்கள். முடியாவிட்டால் வாரத்தில் இரண்டு நாளாவது. பாப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தூங்கியதை அவரிடம் சொன்னீர்களா? எனக்கு எழுதியதை அவரிடமும் அப்படியே சொல்லுங்கள்.

கடைசியாக, பள்ளி. உங்கள் பள்ளியில் மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. நீங்கள் உறுப்பினர் இல்லாவிட்டாலும் கூட்டத்துக்குப் போய்ப் பேசலாம். பாடம் வேண்டாம், தேர்வு வேண்டாம், லீவிலும் காலை எட்டு முதல் பதினொன்று வரை பள்ளியைத் திறந்து வையுங்கள், காலை உணவு போடுங்கள், வேப்பமரத்தடியில் விளையாடட்டும், பார்த்துக்கொள்ள ஊக்க ஊதியத்தில் இரண்டு தன்னார்வலர்களைப் போடுங்கள் என்று கேட்டுத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஆசிரியர்களின் லீவில் கைவைக்க வேண்டியதில்லை. இல்லம் தேடிக் கல்வியில் அக்கம்பக்கத்துப் பெண்கள் சாயங்காலம் பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்திய அனுபவம் நம் மாநிலத்துக்கு ஏற்கெனவே இருக்கிறது. இந்த மே மாதத்துக்குள் நடக்குமா என்றால் நடக்காது. ஆனால் இப்படி ஒரு தேவை இருப்பதே மேலே இருப்பவர்களுக்குக் காகிதத்தில் போனால்தான் தெரியும். அதனால் வாயால் சொல்வதோடு விடாமல், காம்பவுண்டு அம்மாக்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனுவாகக் கொடுங்கள். மனுவில் எத்தனை வீடுகள், எத்தனை பிள்ளைகள், பகலில் எத்தனை மணி நேரம் ஆள் இல்லாமல் இருக்கிறார்கள் என்பதை எழுதுங்கள். தலைமை ஆசிரியரிடம் ஒரு நகல், கவுன்சிலரிடம் ஒரு நகல். எப்படி எழுதுவது என்று தயங்கினால் எனக்கு எழுதுங்கள், நானே எழுதித் தருகிறேன். தேர்வு முடிவதற்குள், அதாவது பெற்றோர் பள்ளிக்கு வந்து போய்க்கொண்டிருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. லீவு விட்ட பிறகு பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள்.